தடவினால் சண்டை, தடவாவிட்டால் ஏக்கம்: பல பூனைகள் வளரும் வீட்டுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் வீட்டில் மூன்று பூனைகள், ஒரு நாட்டு நாய். ஸ்ரீரங்கத்துப் பழைய அக்கிரகார வீடு. ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோலத் திண்ணை, ரேழி, கூடம், சமையலறை, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும். வாசலிலிருந்து கொல்லைக்குப் போக ஒரே வழிதான். பூனைச் சண்டைக்கும் வீட்டின் அமைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கை நிறையக் கீறல் வாங்கும்வரை.

மூத்தவள் கருப்பாயி, 11 வயது. அடுத்தவன் சுண்டு, மூன்று வயது, கருத்தடை ஆனவன். கடைசி புள்ளி. போன ஐப்பசி அடைமழையில் கொல்லைக் கதவடியில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள், அப்படியே தங்கிவிட்டாள். நாயின் பெயர் வீரா. இந்த நால்வருக்கும் பாசத்தைப் பந்தியில் அப்பளம் போடுவதுபோல ஆளுக்கு ஒன்றாகப் பரிமாறப் பார்த்ததுதான் நான் செய்த முதல் தவறு.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்டவேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்கவேண்டியது

மாற்றம் திடீரென்று வந்ததா என்று பாருங்கள். நேற்றுவரை மடியில் தூங்கிய பூனை இன்று தொட்டால் கத்துகிறது என்றால் பொறாமை, கோபம் என்றெல்லாம் யோசிக்கும் முன் வலியைச் சந்தேகப்படவேண்டும். பல், காது, மூட்டு, வயிறு, எங்காவது இருக்கும். பூனை நோவை மறைப்பதில் கெட்டிக்கார ஜாதி. கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்துதான் மீதியைப் படிக்கவேண்டும்.

இரண்டு விஷயங்களில் ஒருநாளும் தாமதம் கூடாது. ஆண் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், உட்கார்ந்து முக்கி, சிறுநீர் வராமல் எழுந்து வந்தால் அது அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள். இரண்டாவது, சாப்பாட்டைத் தொடாமல் இரண்டு நாள் கிடக்கும் பூனை, அதிலும் கொழுத்த பூனை. பட்டினி கிடந்தால் அதன் கல்லீரலில் கொழுப்பு தேங்கி ஆபத்தாகிவிடும். "புதுக்குட்டி வந்த ஏக்கம், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லத்தான் சொல்வார்கள். காத்திருக்காதீர்கள். காய்ச்சல் போலிருக்கிறதே என்று பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுத்துவிடவும் வேண்டாம். பூனைக்கு அது விஷம்.

அறிகுறி: ஒன்றைத் தடவினால் இன்னொன்று வந்து அடிக்கிறது

எல்லா வீட்டிலும் கேட்கும் புகார் இதுதான். எல்லோரும் சொல்லும் காரணம் பொறாமை.

எங்கள் வீட்டில் கூடத்து ஊஞ்சலில் நடக்கும். நான் உட்கார்ந்ததும் சுண்டு மடியில் ஏறிக்கொள்வான். சிறிது நேரத்தில் கருப்பாயி ரேழியிலிருந்து வருவாள். ஊஞ்சலுக்கு ஒரு முழ தூரத்தில் நிற்பாள். சுண்டு எழுந்திருக்கக்கூட மாட்டான், பார்ப்பான், அவ்வளவுதான். அவள் இன்னும் ஓர் அடி வைத்தால் பளாரென்று விழும். நான் வலது கையால் அவனையும் இடது கையால் அவளையும் தடவிச் சமரசம் செய்து பார்த்தேன். இரண்டு கையிலும் ரத்தம் வந்தது.

பிறகு ஒரு வேலை செய்தேன். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், சண்டை எங்கே நடந்தது என்று மட்டும் ஒரு வாரம் குறித்துவந்தேன். யார் முதலில் அடித்தது, யார் பாவம் என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். வார முடிவில் தாள்களைப் பரப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே இடம்: ஊஞ்சலுக்கும் ரேழி வாசற்படிக்கும் நடுவே இருக்கும் நாலடி. நான் எழுந்து வேறு அறைக்குப் போயிருந்த நேரத்திலும் அங்கேதான் அடித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை என் மடிக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வழிக்காக நடந்த சண்டை. ஊஞ்சலில் இருப்பவனுக்கு வாசலும் தெரியும், சமையலறையும் தெரியும். அவன் கண்ணில் படாமல் யாரும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போக முடியாது.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்று வாழ்ந்த பிராணி. நாய்க் கூட்டத்தில் சண்டை முடிந்து சமாதானமாவதற்கு ஏகப்பட்ட சடங்குகள் உண்டு. பூனைக்கு அவை மிகக் குறைவு. சண்டையைத் தவிர்க்க அதற்குத் தெரிந்த நல்ல வழி, எதிரே வராமல் ஒதுங்கிப் போவது. ஒரே வழியுள்ள வீட்டில் எங்கே ஒதுங்குவது?

அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில், உணவு, தண்ணீர், மணல் தட்டு, படுக்கும் இடம், நகம் கீறும் இடம் எல்லாம் ஒன்றுக்கு மேற்பட்டதாக, ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பலர் கவனிக்கிறார்கள், தள்ளி என்பதை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: என்னை. பூனைக்கு நீங்களும் ஒரு சாப்பாட்டுக் கிண்ணம் மாதிரிதான். கிண்ணத்தை நாலாக வாங்கலாம், உங்களை வாங்க முடியாது. அதனால் நேரத்தாலும் இடத்தாலும் பிரித்துக்கொள்ளவேண்டும்.

நான் பிரித்த விதம் இது. கருப்பாயிக்குக் காலைக் காபி நேரம், சமையலறை முக்காலி. கதவு ஒருக்களித்திருக்கும், அப்போது வேறு யாரும் உள்ளே வருவதில்லை. சுண்டுவுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடம். ஆனால் ஊஞ்சலை விட்டுவிட்டுச் சுவரோரம் பாயில் உட்காருகிறேன். புள்ளிக்கு மடியே வேண்டாம், சாயங்காலம் கொல்லையில் குச்சி நுனியில் கயிறு கட்டி இழுத்தால் போதும். ஆளுக்குப் பத்து நிமிடம். எவ்வளவு நேரம் என்பதைவிடத் தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். தன் முறை வந்தே தீரும் என்று தெரிந்த பூனை அடுத்தவன் முறையில் குறுக்கே வருவது குறைந்துவிடுகிறது.

கூடவே ரேழியில் ஒரு மேல்வழியும் போட்டேன். அலமாரித் தலையிலிருந்து ஜன்னல் மாடம்வரை ஒரு சாண் அகலப் பலகை. தச்சர் "புத்தகம் வைக்கவா?" என்று கேட்டார். பூனை நடக்க என்றதும் கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், பரிதாபப்பட்டிருக்கவேண்டும். பலகை போட்ட நாலாம் நாள் கருப்பாயி அதன் மேல் நடந்து, சுண்டுவின் தலைக்கு மேலேயே சமையலறைக்குப் போனாள். அவன் அண்ணாந்து பார்த்தான். அடிக்கவில்லை.

வாடகை வீட்டில் பலகை அடிக்க முடியாதவர்கள் பீரோ, மேஜை, நாற்காலி மூன்றையும் படிபோல நகர்த்திப் போட்டாலே மேல்வழி வந்துவிடும்.

சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். அட்டைப் பெட்டியையோ தலையணையையோ குறுக்கே வைத்துப் பார்வையை மறைத்தால் போதும். அந்த நேரத்தில் எதையும் தூக்கிச் சமாதானம் செய்யவும் வேண்டாம். ஆத்திரத்தில் இருக்கும் பூனை யார் என்று பார்க்காது, கிடைத்த கையைக் கடிக்கும். கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்குவதால் சீழ் வைப்பது வெகு சுலபம். நம் ஊரில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி விஷயமும் இருக்கிறது.

அறிகுறி: தானாக வந்து மடியில் ஏறுகிறது, தடவும்போதே கடிக்கிறது

"திடீரென்று கடித்துவிட்டது" என்பார்கள். திடீரென்று எதுவும் நடப்பதில்லை. சுண்டுவையே எடுத்துக்கொள்ளுங்கள். தடவ ஆரம்பித்ததும் தொண்டைக்குள் கர்ரென்று ஓடும். ஏழெட்டுத் தடவலில் வால் நுனி மட்டும், விரலால் மேஜையைத் தட்டுவதுபோலப் பாயைத் தட்டும். அடுத்து முதுகுத் தோல், ஈ உட்கார்ந்த மாட்டுத் தோல்போலச் சிலிர்த்து அடங்கும். காது பக்கவாட்டில் திரும்பும். கர்ரென்ற சத்தம் நின்றுபோகும். தலை என் கைப்பக்கம் திரும்பும். அதற்குப் பிறகும் நான் செல்போனைப் பார்த்தபடி தடவிக்கொண்டிருந்தால் கடி. ஐந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஆறாவதாகக் கடிக்கிறான். நம்மில் பலருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எங்கே தொடுகிறோம் என்பதும் உண்டு. கன்னம், முகவாய், காதின் அடிப்பகுதி ஆகிய இடங்கள் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வாசனைச் சுரப்பிகள் இருக்கும் இடங்கள் அவை. நம் காலிலும் கதவு மூலையிலும் அது கன்னத்தை உரசுவது தன் வாசனையைப் பூசிவைக்கத்தான். வயிற்றைக் காட்டிப் புரள்வது உங்களிடம் பயமில்லை என்று சொல்வது. தொடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வால் தொடங்கும் இடத்தையும் விட்டுவிடுவது நல்லது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லண்டன் பேட்டர்சீ காப்பகத்துப் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பழகவந்தவர்களுக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்தது மிக எளிது: பூனை வரட்டும், விலகினால் விடுங்கள், அதன் உடல் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள், முகத்தின் அந்தச் சில இடங்களை மட்டும் தொடுங்கள். அப்படிப் பழகியவர்களிடம் பூனைகள் கடிப்பதும் கீறுவதும் குறைந்து, ஒட்டுதல் கூடியது. நான் செய்வது மூன்று விநாடிக் கணக்கு. மூன்று விநாடி தடவுவேன், கையை எடுத்து ஒரு விரலை மட்டும் நீட்டிக் காத்திருப்பேன். தலையைக் கொண்டுவந்து முட்டினால் மறுபடியும். முட்டாவிட்டால் அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்துக்காரன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விப் போவதுபோலப் பகவான் நம்மைத் தூக்கிக்கொள்வான் என்பது தென்கலையாரின் மார்ஜால நியாயம். குரங்குக் குட்டிபோல நாம்தான் இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். வளர்ந்த பூனை தன் விஷயத்தில் கட்சி மாறிவிடுகிறது. பற்றவேண்டியது அது, நாம் போய்த் தூக்கக் கூடாது.

பல பூனை வீட்டுக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் இருக்கிறது: உங்கள் கை. புள்ளியைக் கொஞ்சிவிட்டு அதே கையோடு கருப்பாயியிடம் போனால், அவள் மூக்குக்கு நீங்கள் புள்ளியைக் கையில் ஏந்தி வந்ததாகவே அர்த்தம். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில் நடுவில் கை கழுவிக்கொள்ளுங்கள். ஒத்துப்போக ஆரம்பித்த பிறகு இதையே தலைகீழாகப் பயன்படுத்தலாம். ஒரு துண்டுத் துணியால் இதன் கன்னத்தைத் துடைத்து, அதன் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். அந்த வாசனை வந்தால் சாப்பாடும் வரும் என்று பழகிக்கொள்ளும்.

அறிகுறி: மருத்துவரிடம் போய் வந்த பூனையைப் பார்த்துப் பழைய தோழன் சீறுகிறது

இதுவும் மூக்கு விஷயம்தான். உருவம் தெரிந்த உருவம், வாசனை ஆஸ்பத்திரி வாசனை. போய் வந்ததை நேராகக் கூடத்தில் திறந்துவிடாமல் ஓர் அறையில் தனியாக விடுங்கள், சில மணி நேரம், தேவைப்பட்டால் ஒரு நாள். அது வழக்கமாகப் படுக்கும் துணியைக் கூடவே போடுங்கள். கதவுக்கு இருபுறமும் சாப்பாடு வைத்து, சீறாமல் தின்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திறக்கலாம். ஊசி போட்டுக்கொண்டு வந்த பாவத்துக்காக அதை எல்லோர் முன்னிலையிலும் அணைத்துக் கொஞ்சவேண்டாம். கொஞ்சல் அறைக்குள் நடக்கட்டும்.

அறிகுறி: புதுக்குட்டி வந்ததிலிருந்து மூத்தது பரணைவிட்டு இறங்குவதில்லை

புள்ளி வந்த மாதம் கருப்பாயி பரணில் பித்தளை அண்டாக்களுக்கு நடுவே குடியேறிவிட்டாள். நான் ஏணி போட்டு ஏறி, இறக்கிக்கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்வேன். புள்ளி ஓடிவந்து வாலைப் பிடிப்பாள். கருப்பாயி மறுபடியும் பரணுக்கு. ஒரு வாரம் கழித்து என் காலடி ஏணியில் கேட்டாலே இன்னும் உள்ளே போக ஆரம்பித்தாள். கொஞ்சுவதாக நினைத்து நான் செய்துகொண்டிருந்தது அவளை எதிரியிடம் ஒப்படைக்கும் வேலை.

பிறகு இறக்குவதை நிறுத்தினேன். முதலில் புள்ளியைக் கொல்லையில் களைத்துப்போகும்வரை விளையாட்டுக் காட்டிச் சாப்பாடு வைத்துவிடுவேன். குட்டி தூங்கிய பிறகு பரணுக்குக் கீழே ஸ்டூலில், கருப்பாயிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். அவ்வப்போது திரும்பிப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறப்பேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்பது நம் பழமொழி. பூலோகம் இருளாது, ஆனால் உங்கள் முன் கண்ணை மூடத் துணிந்த பூனை உங்களை நம்புகிறது. மெதுவாகக் கண்சிமிட்டும் மனிதருக்குப் பூனைகளும் அப்படியே பதில் சிமிட்டுகின்றன, அவர்களை நெருங்கியும் வருகின்றன என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020இல் காட்டியது. ஒன்பதாம் நாள் என் தோளில் ஒரு கால் வந்து பதிந்தது. நான் பேப்பரை மடிக்கவில்லை.

வயதான பூனைக்கு மூட்டுவலி சகஜம். ஏறிவிட்டு இறங்க முடியாமலும் இருந்துவிடக்கூடும். பரணுக்கு நடுவே ஒரு படி வைத்துப் பாருங்கள். தண்ணீர், மணல் தட்டு இரண்டும் அவள் பக்கத்திலேயே, குட்டியைத் தாண்டாமல் போகக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும்.

அறிகுறி: மெத்தையில், துவைத்த துணிமேல் சிறுநீர் கழிக்கிறது

பழிவாங்கல் என்பது நம் கற்பனை. சிறுநீர்ப்பை நோய் இல்லையென்று மருத்துவர் சொன்ன பிறகு தட்டுகளை எண்ணுங்கள். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூடுதல் என்பது பொதுக் கணக்கு. நாலு தட்டையும் குளியலறையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான். வாசலில் ஒருவன் படுத்தால் நாலும் அடைபட்டுவிடும். சுவரில், கதவில், நின்றபடி வால் நடுங்கப் பீய்ச்சுவது வேறு. அது எல்லைக் குறி. கருத்தடை ஆகாத கடுவன் என்றால் அறுவை செய்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். துடைப்பதற்குப் பினாயில் வேண்டாம். பினால் கலந்த திரவங்கள் பூனைக்கு நஞ்சு, பாதத்தில் ஒட்டினால் நக்கி உள்ளே தள்ளிவிடும்.

அறிகுறி: பூனையைக் கொஞ்சினால் நாய் நடுவில் மூக்கை நுழைக்கிறது

வீராவுக்கு ஒரு சாக்கு இருக்கிறது. பூனை நேரத்தில் அதன்மேல் படுத்தால் அவனுக்கு ஒரு பிஸ்கட். பத்து நாளில் பூனையை மடியில் வைத்தாலே தானாகச் சாக்கைத் தேடிப் போக ஆரம்பித்தான். பூனைக்கு நாயின் தலைக்கு மேலே ஏறித் தப்ப ஓர் இடம் வேண்டும், அது போதும்.

இங்கே கொஞ்சலைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனைக்கு வலிப்பு வரவைத்துவிடும். அந்த நாயை ஒட்டிப் படுத்தாலோ நக்கினாலோ போதும். புள்ளி தினமும் வீராவின் வயிற்றில்தான் சுருண்டுகொள்கிறாள். அதனால் டப்பாவைத் திறக்கும் முன் வீட்டில் பூனை இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: விடியற்காலை நாலு மணிக்கு வந்து முகத்தைத் தட்டுகிறது

ஏக்கத்தில் எழுப்புவதாக நினைத்து நாமும் எழுந்து தடவிவிடுகிறோம். மறுநாள் மூன்றே முக்காலுக்கு வரும். இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் கயிறு விளையாட்டு, கடைசியில் கயிற்றை உண்மையிலேயே பிடிக்க விடுங்கள், உடனே சாப்பாடு. வேட்டை, தீனி, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பதுதான் அதன் வரிசை. விடியலில் தட்டினால் அசையக் கூடாது. முதல் வாரம் இன்னும் பலமாகத் தட்டும், தாங்கிக்கொள்ளவேண்டும். வயதான பூனை புதிதாக இரவில் ஊளையிட ஆரம்பித்தால் மட்டும் தைராய்டும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இது மார்கழியில் கெட்டுப்போகும். அம்மா கோலம் போட நாலரைக்கு எழுவார். எழுந்தவர் சும்மா இருக்காமல் மூன்று கிண்ணத்திலும் தீனி போட்டுவிடுவார். தை பிறந்து அம்மா ஆறு மணிவரை தூங்க ஆரம்பித்த பிறகும் நாலரைக்கு மூன்றும் என் நெஞ்சில் ஏறி நிற்கும். இப்போதெல்லாம் மார்கழிக் கடைசி வாரத்திலேயே தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை தீனியைப் பத்து நிமிடம் தள்ளிப்போடச் சொல்கிறேன். அம்மா கேட்கிறார், பூனைகள்தான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.